ஒன்றே முக்கால் வினாடி

மந்திரவாதியே ஆனாலும் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சட்டம் கொண்டுவந்தவன் என் அண்ணன். அப்போது அவன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தான். எனக்கு ஒன்பது வயது. அடுத்த தெருவில் யாரிடமோ அந்தப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி அட்டை போட்டு வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தான். பால் ஏன் பொங்குகிறது என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்ததில் அடுப்பை அணைக்க மறந்து, ஒரு லிட்டர் பாலைத் தரைக்கு வார்த்தவன் அவன்.

அந்தக் கோடையில்தான் சித்தி, அம்மாவின் தங்கை, பெங்களூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். பங்குனியில் சித்தப்பா இறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தார், காப்பாற்ற முடியவில்லை என்று மட்டும் எங்களுக்குச் சொன்னார்கள். அண்ணனுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் மட்டும் போய்வந்தார்கள். அண்ணனும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவனுக்குக் கணக்குப் பரீட்சை.

சித்தப்பா மாடியிலிருந்து விழுந்து இறந்தார். இதை எனக்குச் சொல்லப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டார்கள். வாசிக்கிறவர்களிடம் அப்படி மறைத்துவைத்துப் பிறகு எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இனி நான் சொல்லப்போகிற எல்லாம், அது தெரியாத ஒரு ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நடந்தது.

சித்தி இரண்டு சூட்கேசும் ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்தாள். முதல் இரண்டு வாரம் பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், உட்காருவாள், தட்டில் கோடு போடுவாள். ஒருநாள் நான் அவளுக்குத் தெரியாமல் டப்பாவைத் திறந்தேன். உள்ளே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, சித்தப்பா கையால் வரைந்த கோட்டை வரைபடங்கள், அப்புறம் பகடைகள். ஆறு முகம் உள்ள பகடைதான் எனக்குத் தெரியும். இதில் எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் எல்லாம் இருந்தன. இருபது முகப் பகடை கை தவறித் தரையில் உருண்டு சித்தியின் காலில் முட்டி நின்றது. அடி விழும் என்று நினைத்தேன். சித்தி அதை எடுத்து வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"உங்கண்ணனையும் கூப்பிடு. சொல்லித் தாரேன்," என்றாள்.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்களைக் கூட்டி அவர்கள் ஆடிய ஆட்டம் அது. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் கதைக்குள் நடமாடும் ஆட்கள். 'நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்வாய்?' என்று கதைசொல்லி கேட்பார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்ன எண் விழுந்தால் பட்டு அனுபவிக்க வேண்டியதுதான். அங்கே எப்போதும் சித்தப்பாதான் கதைசொல்லி. இங்கே அந்த இடத்தில் சித்தி உட்கார்ந்தாள்.

அண்ணன் மந்திரவாதி ஆனான். நான் வைத்தியச்சி. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. வௌவால் ரோமம், வெள்ளித்தூள் என்று நம் ஊரில் கிடைக்காத பட்டியல். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே கோவில் புற்றுமண் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். தலைவலிக்கும் அதுதான், கொப்புளத்துக்கும் அதுதான். என் மந்திரங்கள் எல்லாவற்றுக்கும் புற்றுமண் போதும் என்று சித்தி தீர்ப்பு சொன்னாள். நான் அதைச் சிமிழில் அடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டு அலைந்தேன்.

அண்ணனுடைய வம்பு இரண்டாம் நாளே தொடங்கிவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியாமல் மறையும் கஷாயத்தை நான் குடித்து, பூதத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "இரு," என்றான். "உன் உடம்பு வழியா வெளிச்சம் அப்படியே போயிருதுன்னா, உன் கண்ணு வழியாவும் போயிரும்லா? கண்ணுல வெளிச்சம் நின்னாத்தான் பார்வை. இப்ப உனக்குக் கண்ணு தெரியாது."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நியாயமாத்தான் இருக்கு. எழுதிக் குடு," என்றாள். அதுதான் அவள் விதி. தாளில் கணக்கோ காரணமோ எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது அன்று முதல் அந்த உலகத்தின் சட்டம். அண்ணன் எழுதிக் கொடுத்தான். நான் குருடியாகித் தட்டுத் தடுமாறிப் போய்க் கிணற்றில் விழுந்தேன். அன்று இரவு அவனோடு பேசவில்லை.

பிறகு தினமும் ஒரு தாள். மூடிய குகைக்குள் நெருப்பு உருண்டை வீசினால் மூச்சுவிடக் காற்று இருக்காது, வீசியவனும் மயங்கி விழுவான். வறண்ட ஊரில் என் வைத்தியச்சி மந்திரத்தால் நாற்பது லிட்டர் தண்ணீர் வரவழைத்தால், அந்தத் தண்ணீர் காற்றின் ஈரத்திலிருந்துதானே வர வேண்டும், ஆவி நீராகும்போது விடுகிற சூட்டில் சுற்றி நிற்பவர்கள் வெந்துபோவார்கள். ராஜபாளையத்தில் மில் வேலை முடித்து பஸ் பிடித்து வந்த அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா மழை பெஞ்சா இளையரசனேந்தல் ஊரே வெந்துல்லா போகணும்," என்றார். "அது வானத்துல நடக்கு, இது குடத்துக்குள்ள நடக்கு," என்றான் அண்ணன். சித்தி சிரித்தாள். வந்து ஒன்றரை மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தோம். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, கரண்டியோடு அப்படியே நின்றாள். அதன்பிறகு நாங்கள் வெயிலில் சுற்றாமல் நாள் முழுக்க ஆடினாலும் அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குச் சலிப்பாக இருந்தது. சித்தியின் கதையில் யாராவது விழுந்துகொண்டே இருந்தார்கள். மணி அடிக்க ஏறியவன் கோபுரத்திலிருந்து விழுந்தான். மதில் பூசிய கொத்தனார் விழுந்தார். தேன் எடுக்கப் போன பெண் பாறையிலிருந்து விழுந்தாள். ஒவ்வொரு முறையும் சித்தி என் பக்கம் திரும்பி, "வைத்தியச்சி என்ன செய்யுதா?" என்பாள். அந்தப் புத்தகத்தில் ஒரு மந்திரம் இருந்தது. விழுகிறவர் தரையைத் தொடுவதற்கு முன் எந்த நொடியில் சொன்னாலும் போதும், இறகு மாதிரி இறங்கிவிடுவார். நான் புற்றுமண்ணைத் தூவிப் பகடையை உருட்டுவேன். சின்ன எண் விழுந்தால்கூட, "மேசை ஆடிட்டு. இன்னொரு தடவை போடு," என்பாள் சித்தி. அப்படி ஒரு பத்துப் பதினைந்து பேரை நான் காப்பாற்றியிருப்பேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்திக்கு வேற கதையே தெரியாது," என்று அண்ணன் மட்டும் முணுமுணுத்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா ஆபீசுக்குப் போயிருந்தாள், மதியச் சாப்பாட்டுக்கு வருவாள். சித்தி கதையை ஆரம்பித்தாள். கோட்டைக்கு ஐந்து மாடி. குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலே தொட்டியைப் பார்த்துவர ஒருவன் ஏறிப் போனான். மழை பெய்து விட்டிருந்தது, தளம் எல்லாம் பாசி.

"கோட்டையில ஏது சித்தி குழாயி?" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

"கால் வழுக்கிட்டு. விழுதான். வைத்தியச்சி என்ன செய்யுதா?"

மண்ணைத் தூவி உருட்டினேன். பதினேழு. "பிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

"எந்த இடத்துல பிடிச்ச?" என்றான் அண்ணன்.

"எப்பவும் போலத்தான். தரைக்கு ஒரு சாண் மேல."

"அப்ப செத்துட்டான்."

அவன் தாளை எடுத்துவிட்டான். ஐந்து மாடி என்றால் பதினைந்து மீட்டர். கீழே வரும்போது மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். "அந்த ஸ்பீடு ஒரு சாணுக்குள்ள நிக்கணும். தரையில முட்டி நின்னா என்ன, உன் மந்திரத்துல முட்டி நின்னா என்ன? எலும்புக்கு வித்தியாசம் தெரியுமாட்டி?"

"புத்தகத்துல அப்படி இல்லையே," என்றாள் சித்தி. அவள் புத்தகத்தைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"புத்தகம் தப்பு சித்தி. கால் வழுக்குன உடனேயே பிடிச்சிருக்கணும். மேல இருந்தே பைய பைய இறக்கிக் கொண்டாந்தாத்தான் பிழைப்பான்."

"அவளுக்கு எப்படித் தெரியும்? அவ அடுப்படியில இருக்கா. அவன் போட்ட சத்தம் கேட்டுத்தான் அவளுக்கே தெரியும்."

"நான் எப்ப சித்தி அடுப்படிக்குப் போனேன்?" என்றேன்.

"போயிட்ட," என்றாள்.

அண்ணன் கணக்கைப் போட்டு முடித்து அடியில் இரண்டு கோடு இழுத்தான். "மேல இருந்து கீழ வர ஒண்ணே முக்கால் செகண்டு. அதுக்குள்ள அவ சத்தத்தைக் கேட்டு, எந்திரிச்சு, ஓடி வரணும்."

எனக்கு அழுகை முட்டியது. நான் காப்பாற்றிய கொத்தனார், மணி அடிப்பவன், தேன் எடுத்த பெண் எல்லாரையும் அவன் ஒரே தாளில் சாகடித்துவிட்டதாகத் தோன்றியது. அண்ணன் மேல் காட்ட முடியாத கோபத்தைச் சித்தி மேல் காட்டினேன்.

"எல்லாம் உங்களாலதான். கதை சொல்லுகது நீங்கதானே? ஏன் எப்பவும் யாரையாவது மேல அனுப்புதீங்க? நீங்க அனுப்பாம இருந்தா அவங்க விழவே மாட்டாங்கல்லா?"

சித்தி என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை அவள் முகத்தில். மேசையில் கிடந்த பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"ஆமா. நாந்தான் அனுப்புனேன்," என்றாள்.

பிறகு அண்ணனிடம் கேட்டாள்: "ஒண்ணே முக்கால் செகண்டுல அடுப்படியில இருந்து வாசலுக்கு வர முடியுமா முடியாதா?"

சோதனை செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அண்ணன் சோற்றை மறப்பவன். "கணக்கு எதுக்கு சித்தி, செஞ்சே பாத்துருவோம்," என்று எழுந்துவிட்டான். முற்றத்து மூலையில் பூச்சு வேலைக்குக் கொட்டிய மணல் மிச்சம் கிடந்தது. ஒரு சிமெண்டுச் சாக்கில் பாதி நிரப்பி மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். எங்கள் வீடு இரண்டு மாடிதான், அதனால் 'விழுதேன்' என்று கத்தி அரை வினாடி கழித்துச் சாக்கை விடுவான், ஐந்து மாடிக் கணக்கு சரியாகிவிடும். சாக்கு விழும் இடத்துக்கு நாலடி தள்ளிக் கரித்துண்டால் கோடு போட்டான். சத்தம் கேட்டதும் சித்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, சாக்கு விழுவதற்குள் கோட்டைத் தொட வேண்டும். நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று தொட்டாளா இல்லையா என்று சொல்லும் நடுவர்.

முதல் தடவை சாக்கு விழுந்தபோது சித்தி கூடத்தைக்கூடத் தாண்டவில்லை.

"இன்னொரு தடவை," என்றாள். வழியில் இருந்த நாற்காலியை நகர்த்தினாள். இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தாள். துப்பட்டாவைக் கழற்றி அடுப்புமேடையில் போட்டாள். இரண்டாம் தடவை வாசல்படி வரைகூட வரவில்லை. மூன்றாவது, நான்காவது. அண்ணன் ஒவ்வொரு முறையும் இறங்கிவந்து சாக்கைச் சுமந்துகொண்டு ஏறினான். எனக்கு ஒரே குதூகலம். பெரியவர்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "தொடலை! தொடலை!" என்று கைதட்டிக் குதித்தேன்.

ஆறாவது தடவை சித்தி, அண்ணன் கத்துவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். "கள்ளாட்டம் சித்தி!" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே வாசல்படியில் கால் இடறி முற்றத்தில் குப்புற விழுந்தாள். அவள் கைக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு முழம் இருந்தது. சாக்கு தொப்பென்று விழுந்து பிரிந்து மணல் சிதறியது.

சித்தி எழுந்திருக்கவில்லை. முழங்காலால் நகர்ந்து போய், சிதறிய மணலை இரண்டு கையாலும் கூட்டிக் கூட்டிச் சாக்குப் பக்கம் சேர்த்தாள். அண்ணன் படியிறங்கி வந்து நின்றான்.

"வேகமா ஓடியும் முடியலையேடா," என்றாள்.

"முடியாது சித்தி. முன்னாடியே தெரிஞ்சு ஓடியே முடியலைலா? யாராலயும் முடியாது."

"யாராலயும்?"

"யாராலயும்."

"எழுதிக் குடு," என்றாள்.

அவன் உள்ளே போய்த் தாளைக் கொண்டுவந்து, கணக்குக்குக் கீழே 'யாராலும் முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சித்தி வாங்கிப் படித்தாள். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். தங்கை மணலில் கிடப்பதையும் பிரிந்த சாக்கையும் மொட்டை மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கைப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. "ஏலே, என்னல செஞ்சிய?" என்று அண்ணன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அம்மா அவனை அடித்ததே கிடையாது. அடுத்த அடிக்குக் கை ஓங்கும்போது சித்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனை அடிக்காதக்கா. நாந்தான் போடச் சொன்னேன். அவன் நல்லதுதான் செஞ்சிருக்கான்."

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கன்னத்தைப் பிடித்தபடி சுவரோரம் நின்றான். தான் போட்ட கணக்கில் எந்த வரி தப்பு என்று அவன் யோசிப்பது அவன் உதடு அசைவதில் தெரிந்தது.

அதன்பிறகு அந்த ஆட்டத்தை நாங்கள் ஆடவில்லை. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த அடுத்த வாரம் சித்தி சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் கல்லூரியில் சேர்ந்து அவளோடு தங்கியபோது, அலமாரியில் அந்தத் தகர டப்பாவைப் பார்த்தேன். பகடைகளுக்கு அடியில் அண்ணனின் தாள் நாலாக மடித்து இருந்தது, மடிப்பு கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருந்தது. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னாள். பெங்களூரில் அவர்கள் குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு நண்பர்கள் வரும் நேரம், குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டியைப் பார்த்துவிட்டு வரும்படி சித்திதான் சித்தப்பாவை மேலே அனுப்பினாள். அடுப்படியில் நின்றவளுக்குச் சத்தம் கேட்டது. சித்தப்பாவின் ஊரான சிவகிரியில் காரியத்தன்று யாரோ ஒருவர், கூடத்தில் அத்தனை பேர் நடுவில், 'சத்தம் கேட்டதும் நீ ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாமேம்மா' என்று சொல்லிவிட்டார்களாம். சொன்னவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சித்தி அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அண்ணன் வாங்கிய அறை இன்றும் என்னை உறுத்துகிறது. அவன் அவளுக்கு ஒரு பதிலைக் கொடுத்தான். 'ஏன் மேலே அனுப்பினீர்கள்' என்று கேட்டவள் நான். என்னை யாரும் அடிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கணக்கு இல்லை. இத்தனை வருஷத்தில் நான் சித்தியிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பல தடவை அவள் வீட்டு வாசல் வரை அந்த வார்த்தையோடு போயிருக்கிறேன். கதவைத் திறந்ததும் "சாப்பிட்டியா மக்கா?" என்பாள். நான் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பேன்.

அன்று முற்றத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. சித்தியின் முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் வைத்தியச்சி. இடுப்பிலிருந்து சிமிழை எடுத்து, எச்சில் தொட்டுப் புற்றுமண்ணைக் குழைத்து அவள் முழங்காலில் பூசினேன். உள்ளே ஓடிப் போய் டப்பாவிலிருந்து இருபது முகப் பகடையை எடுத்துவந்து மணலில் உருட்டினேன். பதினெட்டு விழுந்தது. "குணமாயிட்டு சித்தி," என்றேன். அம்மாவின் தோளில் முகத்தை வைத்தபடியே அவள் தலையாட்டினாள். இன்னும் ஏன் அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை, பதினெட்டு விழுந்த பிறகும்.